சரிசெய்யப்பட்ட விளக்குக் கம்பம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் 'புதுசு' என்று பெயர். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவளுக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதால் புதுசு புதுசாகவே இருந்துவிட்டாள். "புதுசு, அந்த ஜன்னலைச் சாத்து", "புதுசு, சார் கூப்பிடறார்" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பழகியதில், யாராவது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவளே யாரையோ என்று சும்மா இருந்துவிடுவாள்.

வேலை வெளியிலிருந்து பார்க்கச் சுலபம்தான். குழி, குப்பை, குழாய், விளக்கு என்று எதைப் பற்றியும் நகரத்து ஜனங்கள் புகார் செய்ய ஓர் ஆப் இருந்தது. அதில் வருவதெல்லாம் அவளுடைய கணினியில் வந்து வரிசை கட்டி நிற்கும். ஆளும் வண்டியும் அனுப்புவதற்கு முன்னால், புகார் செய்தவரைப் போனில் கூப்பிட்டு, நிஜமாகவே நீங்கள்தானா, பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். விளையாட்டுக்குப் புகார் போட்டு வண்டியை அலையவிட்டவர்கள் இருந்த காலத்தில் யாரோ போட்ட விதி அது. மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் 'புகார்தாரருக்கு ஆர்வமில்லை' என்று காரணம் போட்டுப் புகாரை மூடிவிடலாம். மூடிவிடலாம் என்ன, மூடித்தான் தீர வேண்டும். சாயங்காலத்துக்குள் வரிசை காலியாகாவிட்டால் மேலாளரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

வயதானவர்களால் தொல்லையே இல்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்கள். எடுத்தால் வைக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். சாக்கடையில் ஆரம்பித்து மருமகளின் குணம் வரைக்கும் வந்துவிடுவார்கள். இந்த இளவட்டங்கள்தான் போனை எடுப்பதே கிடையாது. புகார் மட்டும் சுத்தமாகப் போடுவார்கள். படம் இருக்கும், இடம் இருக்கும், எந்தப் பக்கம் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூட இருக்கும். போன் அடித்தால் ஆள் அவுட்.

அதில் ஆச்சரியப்பட அவளுக்கு ஒன்றுமில்லை. வீட்டிலேயே ஒரு மாதிரி உருப்படி இருந்தது. அன்றைக்குக் காலையில்கூட தம்பியின் போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்து கத்திக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான். அடைமழை பிடிக்கப் போகிறது என்று அம்மா கொடியிலிருந்த துணியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து அவன் மேலேயே போட்டாள்.

"டேய், எவ்வளவு நேரமா அடிக்குது. எடுத்தா கை தேஞ்சிடுமா?" என்றாள் புதுசு, தலையை வாரிக்கொண்டே.

"யாருன்னே தெரியலை. எதுக்கு எடுக்கணும்?"

"எடுத்தாத்தானேடா யாருன்னு தெரியும்."

"தெரிஞ்சவங்கன்னா மெசேஜ் பண்ணுவாங்க. போன் பண்றவன் எல்லாம் எதையாவது தலையில கட்டறவன், இல்லைன்னா திட்டறவன்."

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான் எங்க ஆபீஸ்ல பாதிப் புகாரை மூட வேண்டியிருக்கு."

அவன் போர்வைக்குள்ளிருந்து சிரித்தான். "உங்க ஆபீஸ்ல போய் சொல்றதுக்கு இந்தச் சுவத்துக்கிட்ட சொல்லலாம்க்கா. அது திருப்பி எதுவும் சொல்லாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. நியாயமாகச் சொன்னால் தெரியாத எண்ணிலிருந்து வந்தால் அவளும் எடுக்கமாட்டாள். தம்பியிடம் ஒப்புக்கொள்வாளா என்ன?

அலுவலகத்தில் மேலாளர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பரபரத்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் அவர் பேசப் போகிறார். தலைப்பு, 'இளைய தலைமுறைக்கு ஏன் பொதுக் காரியங்களில் அக்கறை இல்லை?' ஆதாரத்துக்கு அவரிடம் ஒரு வரைபடம் இருந்தது. அதைத் தயார் செய்தவள் புதுசுதான். முப்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்களின் புகாரில் முக்கால்வாசி 'ஆர்வமில்லை'யில் மூடப்பட்டிருக்கிறது என்று அது சொன்னது. எந்த நிறம் போடுவது என்று அரை நாள் யோசித்துச் சிவப்புப் போட்டிருந்தாள். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணெதிரே இருப்பதைக் கணக்காகப் பார்த்தே பழகியவர்.

"நல்லா வந்திருக்கு புதுசு," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். அவளுக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மழை பத்து மணிக்கெல்லாம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. வருடத்தின் முதல் பெருமழை. வரிசையில் புகார்கள் குவிந்தன. தண்ணீர் தேங்கி நிற்கிறது, மரம் சாய்ந்துவிட்டது, வாசலில் ஆறு ஓடுகிறது. ஒரே இடத்தைப் பற்றி இரண்டு பேர் புகார் செய்திருந்தால் சேர்த்துவிட வேண்டும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தின் பழைய புகார்களையும் திறந்து பார்ப்பாள். மதியச் சாப்பாடு முடித்துவந்து உட்கார்ந்தபோது அப்படித்தான் ஒன்றைத் திறந்தாள். விளையாட்டுத் திடலுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் என்று புதுப் புகார். அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், போன வாரத்துப் பழையது.

'பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கற விளக்குக் கம்பத்துல கரண்ட் வருது. லைட் எரியும்போது மட்டும்தான். அடியில இருக்கற பெட்டிக்கு மூடி இல்லை, ஒயர் வெளிய தெரியுது. எனக்கு நேத்து ஷாக் அடிச்சுது. சின்னப் பிள்ளைங்க நிறைய வர்ற இடம். மழை வர்றதுக்குள்ள தயவுசெஞ்சு பாருங்க.'

கீழே ஒரு வரி: மூடப்பட்டது. புகார்தாரருக்கு ஆர்வமில்லை. மூடியவரின் எண், அவளுடையது.

அவள் மேலிருந்து மறுபடி படித்தாள். மூடியது இருக்கட்டும், அதைப் படித்த ஞாபகமே அவளுக்கு இல்லை. படித்திருக்கவே மாட்டாள். அன்றைக்கு வரிசை நீளமாக இருந்திருக்கும். முதல் வரியைப் பார்த்து, மணி அடிக்கவிட்டு, அடுத்ததுக்குப் போயிருப்பாள்.

புகார் செய்தவரைக் கூப்பிடும் பொத்தானை அழுத்தினாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் மஃப்ளர் அக்கா இருந்தாள். ஏசி காற்று ஆகாது என்று வருடம் பூராவும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பாள். அலுவலகத்திலேயே பழையவள், எல்லாம் தெரிந்தவள்.

"அக்கா, தெருவிளக்கை எத்தனை மணிக்குப் போடுவாங்க?"

"யாரு போடறா? இருட்டினா அதுவே எரியும். மேல கண்ணு மாதிரி ஒண்ணு வெச்சிருக்கான்ல."

புதுசு ஜன்னலைப் பார்த்தாள். மதியம்தான். ஆனால் வெளியே அந்தி மாதிரி இருந்தது. மேகம் இன்னும் கொஞ்சம் கறுத்தால் கண் ஏமாந்துபோய் விளக்கைப் போட்டுவிடும். விளக்கு எரிந்தால் கம்பத்தில் கரண்ட். கம்பத்தைச் சுற்றித் தண்ணீர்.

மின்சாரப் பிரிவுக்குப் போன் போட்டாள். லைன்மேன் எடுத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புகார் நம்பர் சொல்லும்மா" என்றார். சொன்னாள். "இது மூடின நம்பராச்சே. திறந்த நம்பர் இல்லாம நான் வண்டியை வெளிய எடுத்தா என் தலை உருளும்மா. திறந்து குடு, அஞ்சாவது நிமிஷம் கிளம்பறேன்."

மூடிய புகாரைத் திறக்க மேலாளரின் அனுமதி வேண்டும். மேலாளரைக் கூப்பிட்டாள். 'நீங்கள் அழைக்கும் நபர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.' மேடையில் ஏறியிருப்பார், போனை அணைத்திருப்பார். இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று அவர் அங்கே உருகிக்கொண்டிருக்கும்போது இங்கே ஒருத்திக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த ஆளோட நம்பர் உங்களுக்குத் தெரியும்ல? என் கம்ப்யூட்டர்ல காட்டாது. உங்களுக்குக் காட்டும்."

"எதுக்கு?"

"போன் பண்ணா எடுக்க மாட்டாங்க அக்கா. மெசேஜ்தான் பாப்பாங்க. என் போன்லருந்து அனுப்பறேன்."

"பைத்தியமாடி நீ? புகார்தாரரோட நம்பரைச் சொந்தப் போன்ல ஏத்தினேன்னு தெரிஞ்சா உன் வேலைக்கு உலை வெச்சுடுவாங்க. எனக்கும் சேத்து."

"யாராவது செத்துப் போயிட்டா?"

மஃப்ளர் அக்கா அவளையே பார்த்தாள். பிறகு எதையோ தட்டினாள், திரையை அவள் பக்கம் லேசாகத் திருப்பினாள், "தாகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

புதுசு எண்ணைப் பார்த்து ஏற்றிக்கொண்டு, செய்தி அடித்தாள். 'நான் புகார்ப் பிரிவில் வேலை செய்கிறேன். பஸ் ஸ்டாப் விளக்குக் கம்பம் பற்றி. ரொம்ப அவசரம். ப்ளீஸ்.'

அனுப்பி முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது. இத்தனை தடவை அடித்த மணிக்கும் அசையாத ஆள்!

'அதான் சரி பண்ணிட்டீங்களே.'

அவளுக்குப் புரியவில்லை. 'யார் சரி பண்ணினது?' என்று கேட்டாள்.

அவன் ஒரு படம் அனுப்பினான். அவனுக்கு அலுவலகத்திலிருந்து போன வாரம் போன செய்தியின் படம். 'உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது. நகர நலனில் நீங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி.'

அவள் அதை மறுபடி மறுபடி படித்தாள். இரண்டு வருடமாக மூடும் பொத்தானை அழுத்தி வருகிறாள். அழுத்தினால் அந்தப் பக்கம் என்ன போகிறது என்று ஒரு நாளும் அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்த மஃப்ளர் அக்காவிடம் போனை நீட்டினாள். "இது என்னக்கா?"

"மூடினா போற மெசேஜ். ஒரே மெசேஜ்தான் வெச்சிருக்காங்க. சரி பண்ணி மூடினாலும் அதுதான் போகும், பண்ணாம மூடினாலும் அதுதான் போகும்." அவள் குரல் தாழ்ந்தது. "ஆப் வந்த புதுசுலேயே நான் சொன்னேன். அப்புறம் மாத்தலாம்னாங்க. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டி."

போன் அடித்தது. அவன்தான். இந்தத் தடவை அவனாகவே கூப்பிட்டிருந்தான். பின்னணியில் ஏதோ இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை என்று பிற்பாடு சொன்னான்.

"அக்கா, என்னாச்சு? என்ன கேக்கறீங்கன்னு புரியலை."

"அது சரி பண்ணலைப்பா. யாரும் வரவே இல்லை. அந்த மெசேஜ் தப்பு."

இயந்திரம் நின்றது.

"என்னக்கா சொல்றீங்க? நாங்க கயித்தை அவுத்துட்டோமே."

"என்ன கயிறு?"

"எனக்கு ஷாக் அடிச்ச அன்னிக்கே நானும் பிரண்ட்ஸும் கம்பத்தைச் சுத்திக் கயிறு கட்டிட்டோம். பலகை வெச்சோம். லைட் எரியற நேரத்துல யாராவது ஒருத்தர் மாத்தி மாத்தி நின்னோம், பிள்ளைங்க கிட்டக்கப் போகாம. உங்க மெசேஜ் வந்ததும்தான் எல்லாத்தையும் எடுத்தோம். நானே எங்க ஏரியா குரூப்ல போட்டேன், சரியாயிடுச்சுன்னு."

அலுவலகம் என்று ஒன்று இல்லாமலே போயிருந்தால் அந்தக் கயிறு இன்றைக்கும் அங்கே இருந்திருக்கும். அவளும் அவளுடைய பொத்தானும் சேர்ந்துதான் அதை அவிழ்த்திருக்கிறார்கள். இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை.

"மறுபடி கட்டச் சொல்லு. இப்பவே."

"எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. நானே ரெண்டு பஸ் மாறி வரணும். குரூப்ல போடறேன். அக்கா, சாயங்காலம் அங்க கால் வைக்க இடம் இருக்காது, டியூஷன் முடிஞ்சு எல்லாப் பிள்ளைங்களும் அங்கதான் பஸ் ஏறும்."

"நான் கிட்டக்கத்தான் இருக்கேன். நான் போறேன்."

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். வெறுங்கையோடு போய் என்ன செய்வது? லைன்மேனுக்குத் திறந்த நம்பர் வேண்டும். தன் போனில் ஆப்பைத் திறந்தாள். தன் பெயரைப் போட்டாள், தன் எண்ணைப் போட்டாள், கம்பத்தைப் பற்றிப் புதிதாகப் புகார் எழுதி அனுப்பினாள். பிரிவில் வேலை செய்கிறவர்கள் புகார் செய்யக் கூடாது என்பது வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்ட விதி. மீறினால் மறுநாளிலிருந்து வர வேண்டாம்.

"அக்கா, என் புகார் வரிசையில வரும். கூப்பிட்டு உறுதி பண்ணிடுங்க."

"போடி, போ," என்றாள் மஃப்ளர் அக்கா. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே புழுக்கம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே தெருவிளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எரியவில்லை. அடுத்தது, எரியவில்லை. கையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் துண்டிக்கப் போய்விட்டது. சட்டென்று நினைவு வந்து, பதறிப்போய்ப் பச்சையை அழுத்தினாள்.

"வணக்கம், நகரப் புகார்ப் பிரிவு." மஃப்ளர் அக்காவின் குரல், எழுதி வைத்ததைப் படிக்கிற தினுசில். "விளக்குக் கம்பம் பற்றிப் புகார் செய்தது நீங்கள்தானா?"

"ஆமாக்கா."

"அக்கான்னு சொல்லாதீங்க, பதிவாகுது. பிரச்சினை இப்போதும் இருக்கிறதா?"

"இருக்கு."

"நேரில் பார்த்தீர்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் இல்லை அவள். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுமுன் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தாள். "பாத்தேன்."

"உறுதி செய்யப்பட்டது. வண்டி அனுப்புகிறோம்." அப்புறம் அவசரமாக, கிசுகிசுவென்று, "பத்திரம்டி."

இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிழற்குடைக்குள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஜனங்கள். அதற்கு ஓரடி தள்ளிக் கம்பம், அடியில் மூடியில்லாத பெட்டி, அதன் விளிம்பைத் தொடப் பார்த்துக்கொண்டிருக்கும் பழுப்புத் தண்ணீர். விளக்கு எரியவில்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். ஆறேழு வயதுப் பெண். முதுகில் பை, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் காலால் எற்றி எற்றி ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏய் பாப்பா! கையை எடு!"

மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்ற ஒரு கல்லூரிப் பையனின் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தெருவின் அந்தக் கோடியில் ஒரு விளக்கு மினுக்கியது. அதற்கடுத்தது மினுக்கியது. புதுசு தண்ணீரில் விழுந்தடித்து ஓடினாள். ஒரு செருப்பு எங்கோ போயிற்று. குழந்தையின் பையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் நடைபாதையில் போய் விழுந்தார்கள். பையனை முழங்கையால் ஒரு தள்ளு தள்ளியிருந்தாள். அது எப்போது என்று அவளுக்கே தெரியாது. தலைக்கு மேலே விளக்கு ஒரு முறை சிமிட்டிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது.

"எம்பொண்ணை எதுக்கு இழுத்தே? அறிவிருக்கா உனக்கு?" குழந்தையின் அம்மா பாய்ந்து வந்தாள்.

"கம்பத்துல கரண்ட் வருதுங்க. கிட்டப் போகாதீங்க. எல்லாரும் தள்ளி வாங்க."

"அதெல்லாம் போன வாரமே சரி பண்ணியாச்சு," என்றார் நிழற்குடைக்குள் இருந்த ஒருவர். "எங்க குரூப்லயே போட்டாங்க."

"ஆமா, ஆபீஸ்லருந்தே மெசேஜ் வந்துச்சு," என்றது இன்னொரு குரல். காதில் பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் கல்லூரிப் பையன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். மழையில் புத்தி பிசகிய யாரோ என்று நினைத்திருப்பான். தள்ளியதில் விழுந்த குடையை எடுக்கக் கம்பத்தின் பக்கம் ஓர் அடி வைத்தான்.

"போகாதே!" அவள் கம்பத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "அந்த மெசேஜ் பொய். எனக்குத் தெரியும். நான்தான் அனுப்பினேன்."

குழந்தையின் அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கம்பத்துக்கும் புதுசுக்கும் நடுவில் கையகல இடம்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் அது நிற்பது, யாரோ மூச்சு விடுவதுபோல அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. காலில் ஒரு செருப்பு, சுற்றிலும் தண்ணீர். நகர்ந்தால் யாராவது வந்துவிடுவார்கள் என்று நகராமல் நின்றாள்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தியின் தோளில் கயிற்றுச் சுருள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குரூப்பில் செய்தி வந்திருக்க வேண்டும். "அக்கா, மெதுவா இந்தப் பக்கம் வாங்க" என்று கையைப் பிடித்து அவளை வெளியே கொண்டுவந்தார்கள். நிழற்குடைத் தூணுக்கும் மரத்துக்கும் நடுவே கயிற்றைக் கட்டினார்கள். பழகிய கைகள். பலகைகளைக்கூட எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரன் வந்து சேர்ந்தபோது லைன்மேனின் வண்டியும் வந்துவிட்டது. ஒல்லியாக, நனைந்த கோழி மாதிரி இருந்தான். அவளைப் பார்த்து, நீங்கள்தானா என்பதுபோலத் தலையசைத்தான், அவ்வளவுதான். லைன்மேன் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு இறங்கி, டெஸ்டரைக் கம்பத்தில் வைத்தார். சிவப்பாக எரிந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"யாரும் தொடலைல்ல?" என்றார் திரும்பி.

விளக்கு எரிந்த பிறகு யாரும் தொடவில்லை. குழந்தையின் அம்மாதான் முதலில் அழுதாள்.

தெருமுனையில் இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்து, லைன்மேன் நெடுநேரம் வேலை செய்தார். எலி கடித்த ஒயரை வெட்டி எடுத்தார், புதிது போட்டார், பெட்டியை உயர்த்தி மூடி வைத்து முடுக்கினார். போய் இணைப்பைக் கொடுத்தார். விளக்கு எரிந்தது. டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"ஆச்சு. சரி பண்ணியாச்சு. கயித்தை அவுத்துக்கங்க," என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை.

"அட, அதான் சரி பண்ணியாச்சுன்றேன்ல."

"போன தடவையும் இதையேதான் சொன்னாங்க," என்றாள் கயிறு கொண்டுவந்த பெண்.

லைன்மேன் சிரித்துக்கொண்டே கம்பத்தில் கையை வைத்துக் காட்டினார்.

"நீங்க பூட்ஸ் போட்டிருக்கீங்க," என்றான் கண்ணாடிக்கடைக்காரன். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அவன் அவளைப் பார்த்தான். "அக்கா தொடட்டும்."

"டேய்," என்றது யாரோ. அவன் கண்ணை எடுக்கவில்லை.

"டெஸ்டர்ல பாத்தாச்சும்மா, ஒண்ணும் ஆகாது," என்றார் லைன்மேன். "பயமா இருந்தா புறங்கையால தொடு."

அவள் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றினாள். கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. சரிசெய்யப்பட்டது என்று இரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு, அது என்னவென்று இப்போதுதான் தெரியப் போகிறது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புறங்கையைக் கம்பத்தில் வைத்தாள்.

ஈரம். சொரசொரப்பு. வேறொன்றும் இல்லை.

கையைத் திருப்பி உள்ளங்கை முழுவதையும் வைத்தாள். வைத்தபடியே நின்று, தோள் குலுங்க அழுதாள். மானம் மரியாதை எல்லாம் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. கல்லூரிப் பையன் அவளுடைய ஒற்றைச் செருப்பைத் தண்ணீரில் தேடிக் கண்டுபிடித்து நடைபாதையில் கொண்டுவந்து வைத்தான்.

பஸ் வந்தது. ஜனங்கள் ஏறிப் போனார்கள். கண்ணாடிக்கடைக்காரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, என்னை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீங்க?"

"மூணு. அப்புறம் மூடிடுவோம்."

"எல்லாரையும் அப்படித்தானா?"

"ஆமா."

"எடுக்காத எல்லாருக்கும் அந்த மெசேஜ் போகும்?"

அவள் தலையை ஆட்டினாள். அவன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவள் மூடிய புகார்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கிவிட்டன. மூடியில்லாத சாக்கடைகள், விரிசல் விட்ட படிக்கட்டுகள், சாயப் பார்த்த சுவர்கள், எதையும் முழுதாகப் படித்ததில்லை. அவற்றின் முன்னாலும் யாராவது கயிறு கட்டியிருந்திருப்பார்கள். நன்றி என்று வந்ததும் அவிழ்த்திருப்பார்கள்.

"அவங்களுக்கெல்லாம் இப்ப யாரு சொல்றது?"

"நான்தான் சொல்லணும்," என்றாள். போனைக் கையில் எடுத்தாள். நம்பர்கள் அவளிடம் இல்லை. நாளைக்கு அவளுக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியாது. இப்போதே மஃப்ளர் அக்காவைக் கூப்பிட்டு, எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும்.

"போன் பண்ணா யாரும் எடுக்க மாட்டாங்கக்கா," என்றான் அவன்.